பவர்சேவ் போட்டதும் பூட் நேரம் இரட்டிப்பு ஆனது ஏன்?

12 பிப்ரவரி 2023 (கேள்வி)

எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப், உபுண்டு 22.04 லினக்ஸ். பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும் என்று போன வாரம் கிரப்பில் (பூட்டைத் தொடங்கிவைக்கும் நிரல்) கர்னல் வரியில் (இயங்குதளத்தின் மையக்கருவுக்குப் பூட்டின்போது கொடுக்கும் கட்டளை) டிஃபால்ட் கவர்னரை ‘பவர்சேவ்’ என்று மாற்றினேன். அதிலிருந்து லாகின் திரை வர 41 வினாடி ஆகிறது. முன்பு 22. பூட் ஆகும்வரை முழு வேகம், அப்புறம் சிக்கனம் என்று வைக்க வழி உண்டா? இல்லை, சிக்கனம் வேண்டும் என்றால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதானா?

12 பிப்ரவரி, இரவு (பதில்)

வழி உண்டு. பழைய வழிதான்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கவர்னர் என்றால் ராஜ்பவன் கவர்னர் இல்லை. பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் கர்னல் துண்டு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் எப்போதும் உச்ச வேகம். ‘பவர்சேவ்’ என்றால் எப்போதும் அடிமட்ட வேகம். ‘ஆன்டிமாண்ட்’ வேலை வந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். 2004 முதல் கர்னலில் இருக்கிறது. 2016-இல் 4.7 கர்னலோடு ‘ஸ்கெட்யூட்டில்’ வந்தது. அது, எந்த வேலையை எப்போது ஓட்டுவது என்று பார்க்கும் ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கையே எடுத்துக்கொண்டு வேகத்தைத் தீர்மானிக்கிறது.

நீங்கள் கர்னல் வரியிலேயே பவர்சேவ் போட்டிருக்கிறீர்கள். பூட் முழுக்க நொண்டிக்கொண்டே வருகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, பூட் முடிந்த பிறகு கவர்னரை மாற்றும் சின்ன சர்வீஸ் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தது கதை.

உபுண்டு இதைத்தான் பல வருடம் செய்தது. கர்னல் பெர்ஃபார்மன்ஸில் எழுந்திருக்கும். பூட்டின்போது ஓடும் இனிட் ஸ்கிரிப்ட் ஒன்று பின்னணியில் 60 வினாடி தூங்கிவிட்டு, பிறகு ஆன்டிமாண்டுக்கு மாற்றும். அந்த 60-க்குப் பக்கத்திலேயே எழுதியவர் ஒரு குறிப்பு போட்டிருப்பார்: டெஸ்க்டாப் லாகினுக்கு இவ்வளவு நேரம் அநேகமாகப் போதும் என்று. அந்த ‘அநேகமாக’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினாடிக்குக் கோடிக்கணக்கான துடிப்புகளை எண்ணும் இயந்திரத்துக்கு, ஒருவர் குத்துமதிப்பாக ஒரு நிமிஷம் கொடுத்திருக்கிறார். அது வேலையும் செய்தது.

13 பிப்ரவரி, காலை

நேற்று இரவு எழுதியதில் பாதி தப்பு. தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், ஆனால் உண்மையில் பழக்கதோஷம். என் லேப்டாப் பழசு. அதில் சரியாக இருப்பது எல்லார் வீட்டிலும் சரியாக இருக்கும் என்று எழுதிவிட்டேன்.

பவர்சேவ் என்ற ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. பிராசசர் வேகத்தை மாற்ற ‘ஏசிபிஐ’ டிரைவர் ஓடும் பழைய இயந்திரங்களில் பவர்சேவ் என்றால் நான் சொன்னதுதான், அடிமட்டத்தில் ஆணி அடித்துவிடும். 2013-இல் 3.9 கர்னலோடு வந்த ‘இன்டெல் பி-ஸ்டேட்’ டிரைவரில் அதே சொல் வேறு ஆள். அங்கே பவர்சேவ் வேலைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். குணத்தில் ஆன்டிமாண்டுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். இன்டெலின் ஆறாம் தலைமுறையான ஸ்கைலேக் தொடங்கி வேகத்தை ஏற்றி இறக்கும் வேலையைப் பிராசசரே தனக்குள் பார்த்துக்கொள்கிறது. கர்னல் ‘சிக்கனம் பக்கம் சாய்ந்துகொள்’, ‘வேகம் பக்கம் சாய்ந்துகொள்’ என்று குறிப்பு மட்டும் கொடுக்கும்.

ஒரே சொல்லை இரண்டு எதிர்ப் பொருளுக்கு வைத்தவர்களை என்ன சொல்வது. தமிழிலும் ‘நாற்றம்’ இருக்கிறது, சரி, விடுவோம்.

ஆக, எட்டாம் தலைமுறை ஐ5-இல் பவர்சேவ் போட்டதால் 22 வினாடி 41 ஆகக் கூடாது. ஒன்றிரண்டு வினாடி கூடினால் நம்பலாம். கேள்வி கேட்டவரே, எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேலிங் டிரைவர் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். லாகின் ஆனபின் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கும் வேலை கொடுத்துவிட்டு, அப்போது வேகம் எவ்வளவு காட்டுகிறது என்பதையும்.

14 பிப்ரவரி

அவர் பதில் வரட்டும். நடுவில் ஒருவர், ‘மெதுவாகப் பூட் ஆனால் மின்சாரமும் குறைவாகத்தானே செலவாகும், அதுவும் லாபம்தானே’ என்று கேட்டிருந்தார். பேசிக்கொண்டிருப்பதைவிட அளந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கோர் 2 டுவோ லேப்டாப். உச்சம் 2.26 கிகாஹெர்ட்ஸ், அடி 800 மெகாஹெர்ட்ஸ், ஏசிபிஐ டிரைவர், பின்னால் போட்ட எஸ்எஸ்டி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவரில் வாட் மீட்டரைச் செருகி, அதில் சார்ஜரைச் செருகினேன். மீட்டர் வினாடிக்கொருதரம் எண்ணை மாற்றும். கண்ணால் பிடித்து எழுத முடியாது. போனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்து மீட்டரையும் திரையையும் சேர்த்து வீடியோ எடுத்தேன். அப்புறம் வினாடி வினாடியாக நிறுத்தி, மளிகை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். டப்பாவில் இருந்த முறுக்கும் அளவீட்டின் போது செலவானது. அது கணக்கில் இல்லை.

பெர்ஃபார்மன்ஸ்: கிரப் முதல் டெஸ்க்டாப் அடங்கும்வரை 31 வினாடி, சராசரி 32 வாட். 992 ஜூல்.

பவர்சேவ்: 52 வினாடி, சராசரி 22 வாட். 1,144 ஜூல்.

அதாவது மெதுவாக ஓடியது 152 ஜூல் அதிகம் தின்றிருக்கிறது. பிராசசர் சிக்கனமாக இருந்த அந்தக் கூடுதல் 21 வினாடியும் திரை எரிகிறது, எஸ்எஸ்டி விழித்திருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது. அடுப்பைச் சிம்மில் வைத்துச் சோறு வடிக்க ஒரு மணி நேரம் எடுத்தால் கேஸ் மிச்சமா?

வேலையை ஓடி முடி, பிறகு தூங்கு என்பதுதான் சரி.

14 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

இதன் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பிராசசர் தின்னும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும், ஆனால் அதே வேலை முடிய இரண்டு மடங்கு நேரம். பெருக்கினால் ஆற்றல் அதேதான். மிச்சம் வருவது வேகம் குறையும்போது கூடவே மின்னழுத்தமும் குறைவதால்தான். மின்னழுத்தமோ ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. அந்த அளவைத் தொட்டபின் இன்னும் மெதுவாக ஓட்டுவது வெறும் சோம்பேறித்தனம்.

மேல்பக்கமும் இதே கதைதான். டர்போ வேகத்தின் கடைசிப் படிக்கு மின்னழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். ஓடி முடி என்பது நியாயமான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். நாக்குத் தள்ள ஓடினால் கட்டுப்படியாகாது.

15 பிப்ரவரி

மாட்டிக்கொண்டேன். ஒருவர் நேற்றைய கணக்கில் ஓட்டை போட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி.

31 வினாடி ஓட்டத்தையும் 52 வினாடி ஓட்டத்தையும் நேருக்கு நேர் வைத்தது தப்பு. 31 வினாடியில் முடித்த லேப்டாப் அதோடு அணைந்துவிடுவதில்லையே. சும்மா இருக்கும்போது என் லேப்டாப் 15 வாட் எடுக்கிறது. மிச்ச 21 வினாடிக்கு 315 ஜூல். 992-ஓடு கூட்டினால் 1,307. அதே 52 வினாடியில் பவர்சேவ் எடுத்தது 1,144. இப்போது மெதுவானதுதான் 163 ஜூல் மிச்சம் பிடிக்கிறது!

ஒரே அளவீடு; கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. பூட் ஆனதும் ஒரு மெயில் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன் என்றால் நேற்றைய கணக்கு சரி. காலையில் போட்டு மாலைவரை ஓடும் என்றால் இன்றைய கணக்கு.

ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 152 ஜூலோ 163 ஜூலோ, என் லேப்டாப் சும்மா திரையைக் காட்டிக்கொண்டிருக்கும் 10, 11 வினாடிக்குச் சமம். என் பேட்டரி புதிதாக இருந்தபோது 56 வாட்-மணி, அதாவது இரண்டு லட்சம் ஜூலுக்கு மேல். ஒரு முழு பூட்டே அதில் அரை சதவீதம்தான். அந்த அரை சதவீதத்தில் ஆறில் ஒரு பங்குக்காக நாம் மூன்று நாளாக அடித்துக்கொள்கிறோம். திரை வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் மதியத்துக்குள் இதைவிட அதிகம் மிச்சமாகும்.

ஆகவே என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்கிறேன். பூட்டில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆற்றல் மிச்சம் என்பதற்காக வேகமாகப் பூட் செய்கிறேன் என்பதிலும் அர்த்தமில்லை. வேகம் வேண்டுமென்றால் வேகத்துக்காகக் கேளுங்கள்.

15 பிப்ரவரி, இரவு

‘அப்படியானால் பெர்ஃபார்மன்ஸில் வைத்தால் பூட் முழுக்கப் பிராசசர் கொதிக்குமே’ என்றும் ஒரு பயம் வந்திருக்கிறது. கொதிக்காது. கவர்னர் சொல்வது, ஓடும்போது எந்த வேகத்தில் ஓடு என்று மட்டும்தான். வேலை இல்லாத நேரத்தில் தூங்குவது வேறு துறை: சி-ஸ்டேட் என்பார்கள். வட்டிலிருந்து கோப்பு வரும்வரை காத்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் பிராசசர் கண் அயர்ந்துவிடும். பெர்ஃபார்மன்ஸில் இருந்தாலும் அயரும்.

பூட்டில் காத்திருப்புதான் அதிகம். ஹார்ட் டிஸ்க் வைத்த இயந்திரத்தில் பிராசசர் பாதிக்கு மேல் டிஸ்க்கின் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். அங்கே கவர்னரை என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. என் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடாமல் அதே சோதனையைச் செய்திருந்தால் 31-க்கும் 52-க்கும் பதிலாக இரண்டுமே ஒரு நிமிஷத்தைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இனிட்ராம்எஃப்எஸ் பொதியை (பூட்டின் தொடக்கத்தில் வேண்டிய கோப்புகளின் சுருக்கிய மூட்டை) அவிழ்ப்பது பிராசசரை நன்றாகக் கசக்கும் வேலை. ஆனால் அது கவர்னர் பதவியேற்பதற்கு முன்பே தொடங்கிவிடும். அப்போது ஓடுவது மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் விட்டுப்போன வேகம். அங்கே நேரம் குறைக்க வேண்டுமென்றால் பொதியும் முறையைத்தான் மாற்ற வேண்டும். எல்இசட்4 முறையில் சுருக்கிய பொதி கொஞ்சம் பெரிசு, ஆனால் அவிழ்வது சட்டென்று. உபுண்டு 19.10-இல் அதனால்தான் அதற்கு மாறினார்கள்.

16 பிப்ரவரி

பூட்டில் எந்தச் சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் சிஸ்டம்டி அனலைஸ் பிளேம் பட்டியலைப் போட்டு, ‘பிளைமவுத் குவிட் வெயிட் 14 வினாடி எடுக்கிறது, அதை அணைத்துவிடவா’ என்று ஒருவர் கேட்கிறார். அணைக்காதீர்கள். அது வேலை செய்வதில்லை; மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பதுதான் அதன் வேலை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடியும்வரை வாசலில் நிற்கும் மாமாவைப் பார்த்து, ‘இவரால்தான் தாமதம்’ என்பது போல. பிளேம் பட்டியல் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று சொல்லும், யார் வழி மறித்தார்கள் என்று சொல்லாது. அதற்கு அதே கருவியின் கிரிட்டிக்கல் செயின் பட்டியலைப் பாருங்கள். பல வீடுகளில் அங்கே நிற்கும் குற்றவாளி நெட்வொர்க் மேனேஜர் வெயிட் ஆன்லைன். வைஃபை கிடைக்கும்வரை மற்றவற்றைப் பிடித்துவைக்கும். தனி லேப்டாப்பில், நெட்வொர்க் வழியாக வட்டு எதையும் மவுன்ட் செய்யவில்லை என்றால், அது தேவையில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் குருமார்கள் இரண்டு பேர். அர்ஜன் வான் டி வென், ஆகே கோக். இன்டெலில் இருந்தவர்கள். 2008-இல் போர்ட்லாண்டில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் ஆசுஸ் ஈ பிசியை 5 வினாடியில் பூட் செய்து காட்டினார்கள். அந்தக் குட்டி லேப்டாப்பில் ஆட்டம் பிராசசர். முழு வேகத்தில் ஓட்டினாலே நத்தை. கர்னலுக்கு 1 வினாடி, ஆரம்ப வேலைகளுக்கு 1, திரையில் வரையும் எக்ஸுக்கு 1, டெஸ்க்டாப்புக்கு 2 என்று ரேஷன் மாதிரி பிரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குள் அடங்காததை வெட்டினார்கள். லாகின் பெட்டியைக் காட்டிவிட்டுப் பின்னால் ஒரு நிமிஷம் முனகுவதை அவர்கள் பூட் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பிராசசரும் வட்டும் ஓய்ந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு.

மின்சாரத்தை யார் வீணாக்குகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் பவர்டாப் கருவியை 2007-இல் தொடங்கியதும் இதே அர்ஜன்தான். சிக்கனமும் வேகமும் எதிரெதிர் என்று நாம் இங்கே கட்சி கட்டுகிறோம், அவருக்கு இரண்டும் ஒரே வேலை: தேவையில்லாமல் எழுப்பாதே.

17 பிப்ரவரி

கேள்வி கேட்டவரின் பதில் வந்துவிட்டது. டிரைவர் இன்டெல் பி-ஸ்டேட். கோப்பைச் சுருக்கும்போது வேகம்: 800 மெகாஹெர்ட்ஸ். கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினாலும் 800. அசையவில்லை.

அப்படியானால் கவர்னர் நிரபராதி. மேலே யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு சந்தேகம் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் பூட் செய்து பாருங்கள். சமீபத்தில் சார்ஜர் மாற்றினீர்களா?

17 பிப்ரவரி, மாலை

மாற்றியிருக்கிறார். போன வாரம், கவர்னர் வரி போட்ட அதே இரண்டு மூன்று நாளுக்குள். பழையது வயர் கிழிந்துபோய், கடையில் ‘எல்லாத்துக்கும் ஒத்துவரும்’ என்று கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார். பேட்டரியில் பூட் செய்தால் 21 வினாடி. சார்ஜரைச் செருகிப் பூட் செய்தால் 41.

சில லேப்டாப்கள் சார்ஜரோடு பேசும். பின்னின் நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி வழியாக, நீ யார், எத்தனை வாட் என்று கேட்கும். பதில் வராவிட்டால், இந்தச் சார்ஜரை நம்பி இழுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பிராசசரை அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடும். அதிக வெப்பத்துக்காக வைத்திருக்கும் அவசர பிரேக் கம்பியையே இதற்கும் பயன்படுத்துவார்கள். கர்னல் என்ன கேட்டாலும் அது கேட்காது. பேட்டரியையும் சார்ஜ் செய்யாது. இவருடையது 60 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்ததாம். பேட்டரி ஆயுளைக் காக்கும் ஏற்பாடு போல என்று இவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அந்தப் பிரேக்கை மென்பொருளால் நீக்கும் ரிஜிஸ்டர் வித்தையும் உண்டு. வயரின் சூட்டுக்கு நீங்கள் பொறுப்பு என்றால் செய்யுங்கள். நான் சொல்லித்தர மாட்டேன். சரியான சார்ஜர் வாங்குங்கள்.

நான் முதல் நாளே ‘வேகம் எவ்வளவு காட்டுகிறது’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் இந்த இழை மூன்று பதிவில் முடிந்திருக்கும். முறுக்கும் மிஞ்சியிருக்கும்.

19 பிப்ரவரி

இழை முடிந்துவிட்டது, ஆனாலும் பூட் வேகம் என்றதும் ஞாபகம் வரும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-இல் 5.3 கர்னல் தயாராகிக்கொண்டிருந்தபோது, எக்ஸ்ட்4 கோப்புமுறையில் வட்டைத் தொடும் தடவைகளைக் குறைக்கும் நல்ல திருத்தம் ஒன்று சேர்ந்தது. விளைவு: சில இயந்திரங்கள் பூட் ஆகாமல் அப்படியே நின்றன. வட்டு வேலை குறைந்ததால் வட்டு பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட் குறைந்தது. அதிலிருந்து கர்னல் பொறுக்கும் தற்செயல் எண்களுக்கான சரக்கும் குறைந்தது. லாகின் பக்கம் ஒரு நிரல் தற்செயல் எண் கேட்டுக் காத்திருந்தது. இயந்திரம் அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்ததால் சரக்கு சேரவில்லை. சேராததால் இயந்திரம் அமைதியாகவே இருந்தது.

லினக்ஸை உருவாக்கிய லைனஸ் அந்த நல்ல திருத்தத்தை 5.3-இலிருந்து எடுத்துவிட்டார். 5.4-இல் சரக்கு போதாவிட்டால் கர்னலே கடிகாரத் துடிப்பின் நடுக்கத்திலிருந்து தயாரித்துக்கொள்ள ஏற்பாடு வந்தது. வேகமாகப் பூட் ஆகப் போய்ப் பூட்டே ஆகாமல் நின்ற கதை இதைவிட அழகாக எனக்குத் தெரியாது.

2 மார்ச் 2023

விண்டோஸ் 10 வினாடியில் வருகிறதே என்று புதிதாக ஒருவர். விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ அழுத்தினால் கர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து விரிக்கிறது. பாதி உறக்கநிலை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், நல்ல யோசனை. ஆனால் ஒரே இயந்திரத்தில் விண்டோஸும் லினக்ஸும் (டூயல் பூட்) வைத்திருப்பவர்கள் லினக்ஸிலிருந்து அந்த சி டிரைவில் எழுதப் போகாதீர்கள். விண்டோஸ் அதை இன்னும் கையில் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நான் அப்படி ஒருமுறை ஒரு ஃபோல்டர் கல்யாணப் புகைப்படங்களை இழந்தேன். என் கல்யாணம் இல்லை, மைத்துனர் கல்யாணம். இன்னும் மோசம்.

9 ஜூன் 2024

யாரோ இந்த இழையைத் தேடிப்பிடித்து, ‘அந்தக் கோர் 2 டுவோ இன்னும் இருக்கிறதா, கடைசியில் அதில் என்ன கவர்னர் வைத்தீர்கள்’ என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. போன தீபாவளிக்கு முன் மூடியின் கீல் உடைந்தது. திரையைக் கழற்றிவிட்டு, பரண் மேல் வைத்து, வீட்டுக் கோப்புகளுக்கான சர்வராக ஓடுகிறது. தேய்ந்த பேட்டரி மின்வெட்டுக்குப் பத்து நிமிஷம் தாங்குகிறது. கவர்னர் ஆன்டிமாண்ட். கடைசியாகப் பூட் ஆகி 143 நாள்.